மீன் குளத்துப் புடலங்காய்

என் கணவரின் அண்ணா, வீட்டில் நாங்கள் பெரியவர் என்று சொல்கிற பரமசிவம், சென்னையிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும்போது கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கும். சுற்றிலும் பழுப்பு டேப், மேலே ஸ்கெட்ச் பேனாவில் ‘காய்கறி, கவனம்’ என்று பெரிய எழுத்து. உள்ளே என் மாமனாரின் திவசத்துக்கான காய்கள்: வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், பயத்தங்காய், சேனை, பிரண்டை. கல்கத்தாவில் புல் பூண்டுகூட முளைக்காது என்கிற தோரணையில் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காரும்.

ஆடி மழையில் லேக் மார்க்கெட் நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. அத்தனை காய். பெட்டிக்குள் இருக்கிற ஆறும் அங்கே உண்டு. பெயர்தான் வேறு. புடலங்காயைச் சிச்சிங்கே என்பார்கள், சேனையை ஓல் என்பார்கள். ஆனால் எங்கள் வீட்டுத் திவசத்தில் அவை காயில்லை. காரணம், மீன்.

என் மாமியார் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் மாமனாரோடு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். கத்தரிக்காய்க் கூடைக்குப் பக்கத்திலேயே ஒருத்தி மீனை அரிவாள்மணையில் வைத்து இரண்டாக வகுந்துகொண்டிருந்தாளாம். அங்கேயே திரும்பிவிட்டார். அன்றாடச் சமையலுக்கு மூன்று தரம் கழுவி எடுத்துக்கொள்வது, திவசத்துக்கு மட்டும் ஊர்க்காய்தான் என்று சட்டம் போட்டார். அன்றிலிருந்து ஊர்க்காய் ரயிலில் வந்தது. பெரியவருக்குச் சென்னையில் வேலையான பிறகு விமானத்தில் வந்தது.

மாமியார் போன பிறகுதான் வினையே. மாமனார் அவரைவிட ஒரு படி மேலே போனார். திவசத்துக்கு மட்டுமில்லை, தினமுமே ஊர்க்காய்தான் சாப்பிடுவேன் என்று ஆரம்பித்தார். லேக் மார்க்கெட்டில் நம்மூர்க்காரர் செல்வராஜ் கடையில் ரயிலில் வந்த காய் கிடைக்கும். மூன்று நாள் சாக்கில் வெந்த புடலங்காய் வளைத்தால் வளையும், உடையாது. அதைத் தின்று எண்பத்தாறு வயதில் அவருக்கு வயிறு புண்ணாகிப் போனது. அன்றன்று பறித்த, மருந்து அடிக்காத காயாகக் கொடுங்கள் என்றார் டாக்டர். ஊர்க்காய் இல்லாவிட்டால் மோர் சாதம் போதும் என்றார் இவர்.

நான் அலிப்பூரில் நில ஆவண அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் ஊருக்கு வெளியே பாருய்பூரிலிருந்து மினதி என்று ஒருத்தி பட்டா மாற்ற வந்தாள். நாலாவது தடவையாக அலைகிறாள். அன்றே முடித்துக் கொடுத்தேன். மறுநாள் ஒரு கட்டு கொடிப்பசலையோடு வந்து நின்றாள். லஞ்சம் வாங்குவதில்லை என்றேன். இது லஞ்சமில்லை பௌதி, என் தோட்டத்துக் கீரை, தின்று பார்த்துவிட்டுப் பிடித்தால் நாளை முதல் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்றாள். பௌதி என்றால் அண்ணி. அவள் பேச்சு எனக்குப் பிடித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நிலத்தைப் போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு குளம், சுற்றிலும் பந்தல். கோடையில் குளத்துச் சேற்றை வாரிப் பாத்தியில் போடுவாள். மாட்டுச் சாணம், வேப்பம் பிண்ணாக்கு. வேறு எதுவும் கிடையாது. முதல் ரயில் பிடித்துப் பாலிகஞ்சில் இறங்கி விடிகாலையில் என் வாசலில் காய் இறக்கிவிடுவாள். காயில் பனி ஈரம் போயிருக்காது.

அந்தக் காயைச் சமைத்து, செல்வராஜ் கடையில் வாங்கிய ஊர்க்காய் என்று மாமனாருக்குப் போட்டேன். இரண்டு வருஷம் போட்டேன். வயிறு சரியாயிற்று. கோவைக்காய் மாதிரி இருக்கும் பட்டோல் என்கிற வங்காளக் காயைக்கூட ‘பெரிய ஜாதி கோவைக்காய், திருச்சிப் பக்கத்தில் வருகிறது’ என்று சொல்லி வதக்கிப் போட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். அவர் தூக்கத்திலேயே போனார். கடைசிக் காலத்தில் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டார் என்ற திருப்தி எனக்கு இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு முள்ளும் இருந்தது. பெண்டாட்டி சொல்லைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவரை நான் தினம் மூன்று வேளை ஏமாற்றியிருக்கிறேன்.

முதல் இரண்டு திவசத்துக்கும் பெட்டிக்காயைத்தான் சமைத்தேன். போன வருஷம் பெட்டியைத் திறந்ததும் மருந்து நெடி முகத்தில் அடித்தது. பாகற்காய் பழுத்து மஞ்சளாகியிருந்தது. புடலங்காயை எத்தனை கழுவியும் அந்த நெடி போகவில்லை. சாப்பிட உட்கார்ந்த இரண்டு பிராமணர்களில் ஒருவர் கூட்டை வாயில் வைத்துவிட்டு மெதுவாக இலை ஓரத்தில் ஒதுக்கினார். அந்த இலையில் உட்கார்ந்திருப்பது பித்ரு என்று நம்பித்தானே சமைக்கிறோம். எனக்கு அவமானமாக இருந்தது. உயிரோடு இருந்தபோது நல்ல காய் போட்டேன், செத்த பிறகு விஷம் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே இந்த வருஷம் திவசத்துக்கு முதல் நாள் மத்தியானம் பெரியவர் பெட்டியை இறக்கி வைத்தவுடன் சொல்லிவிட்டேன்.

“அண்ணா, இந்தப் பெட்டியை நான் திறக்கப் போறதில்லை. நாளைக்கு இந்த ஊர்க் காய்தான்.”

அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். “எங்கேர்ந்து?”

“பாருய்பூர்லேர்ந்து ஒருத்தி கொண்டு வரா. மருந்தே கிடையாது. நானே போய்ப் பார்த்திருக்கேன். குளத்துத் தண்ணி, சாணி, அவ்வளவுதான்.”

“குளத்துல மீன் உண்டோ?”

பாருங்கள், சரியான இடத்தில் கை வைத்தார். சென்னைக்குப் போனாலும் அவர் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வங்காளத்தில் மீன் இல்லாத குளமே கிடையாது என்று தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

“உண்டு” என்றேன்.

“மீன் குளத்துத் தண்ணி பாஞ்ச காயை அப்பாவுக்குப் போடப் போறியா?”

“பூஜை ரூம்ல கங்கா ஜலம்னு செம்புல வெச்சிருக்கோமே அண்ணா, அதுல ஹில்சா மீன் ஓடறது. அதை உங்க தலையிலேயே தெளிச்சுக்கறேள்.”

என் கணவர் வெங்கடசுப்ரமணியன் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் மேலதிகாரிகள் சண்டை போடும்போதெல்லாம் கோப்புக்குப் பின்னால் ஒளிந்தே ஓய்வு பெற்றவர்.

“விதண்டாவாதம் பேசாதே ஜெயா. அம்மா வெச்ச வழக்கம்.”

“கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, தக்காளி இதெல்லாம் ஏன் திவசத்துல சேர்க்கறதில்லை? கப்பல்ல வந்த காய், அந்நியக் காய்னுதானே? இருக்கற மண்ணுல விளைஞ்சதைப் போடுங்கறதுதானே வழக்கம்? அப்பா அறுபது வருஷம் இந்த மண்ணுல இருந்தார், இந்தத் தண்ணியைக் குடிச்சார். அவருக்கு எது அந்நியம்? பாருய்பூரா, இல்லே கோயம்பேட்லேர்ந்து பிளேன்ல வந்ததா?”

 அவர் பெட்டியின் டேப் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அவர் கத்தினால் எனக்குப் பயமில்லை. கத்தாமல் பேசினார். அதுதான் உறைத்தது.

“அப்பா இந்தாத்துல போனார், இந்தாத்துலதான் திதி நடக்கணும்னு சொல்லிட்டுப் போனார். அதுக்காகத்தான் வருஷா வருஷம் வரேன். நாளைக்கு அந்தக் காய் இலையில விழுந்தா அடுத்த வருஷத்துலேர்ந்து நங்கநல்லூர்ல ஒரு ஹால்ல பண்ணிக்கறேன். அங்கே சமைக்கறவாளுக்கு வாதம் பண்ணத் தெரியாது.”

சொல்லிவிட்டு எழுந்து போனார். மூத்த பிள்ளை அவர்தான். அவர் எங்கே உட்கார்கிறாரோ அங்கேதான் திவசம். மாமனார் கடைசியாகக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அது என்னால் போய்விடலாமா? அதற்காக அந்த நெடியை மறுபடி அடுப்பில் ஏற்ற முடியுமா? அதுவும் முடியாது.

சாயங்காலம் கணவர் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார்.

“பெட்டியைப் பிரிச்சு வெச்சுடு. காய் மட்டும் அந்தப் பொம்மனாட்டி கொண்டு வரதைப் போட்டுடு. பெட்டியில இருந்ததுன்னு சொல்லிடு. நறுக்கினப்புறம் எது எந்த ஊர்னு யாருக்குத் தெரியப் போறது?”

நல்ல வழிதான். எனக்கு ரொம்பப் பழக்கமான வழி. இரண்டு வருஷம் நடந்து தேய்ந்த வழி.

“முடியாது” என்றேன்.

“ஏன்?”

“ஏன்னா, உங்கப்பாகிட்ட நான் இதையேதான் பண்ணினேன். ரெண்டு வருஷம் அவர் சாப்பிட்டதெல்லாம் மினதி காய். செல்வராஜ் கடைன்னு பொய் சொன்னேன். உங்களுக்கும் சொல்லலை. இருக்கறவர்கிட்ட சொன்ன பொய்யே இன்னும் ஜீரணமாகலை. போனவர்கிட்டயும் சொல்லச் சொல்றேளா?”

அவர் கையிலிருந்த துண்டை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்புறம் உள்ளே போய்விட்டார். அண்ணாவிடம் சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். சொல்லவில்லை. அந்த மட்டும் நல்ல மனுஷர்.

காலையில் மினதி வந்தாள். மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டிருந்தாள். என்ன நாள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கூடையில் புது வாழையிலை விரித்து, யார் கையும் படாமல் காயைக் கொண்டுவந்திருந்தாள். வேலியோரத்திலிருந்து பிரண்டை ஒடித்து வந்திருந்தாள். எலும்பு முறிந்தால் அரைத்துக் கட்டுவதற்கு அவர்கள் வளர்ப்பது அது. பெரியவர் கூடத்தில் நின்று கூடையைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். 

நான் தலைக்குக் குளித்து ஈரப்புடவையோடு மடியாகச் சமையலறைக்குள் போனேன். திவசத்தன்று சமையலறை ஒரு கோட்டை. மடியாக இருப்பவளைத் தவிர ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. இத்தனை வருஷம் அந்த மடி எனக்குச் சிறையாக இருந்திருக்கிறது, காப்பிக்குக்கூட வெளியே வர முடியாமல் தவித்திருக்கிறேன். அன்றைக்கு அதே மடி எனக்குக் காவல் நின்றது.

அரை மணியில் பெரியவரோடு வந்திருந்த அவர் மனைவி, என் ஓர்ப்படி ஷியாமளாவும் ஈரப்புடவையோடு உள்ளே வந்தாள். கையில் தெர்மாகோல் பெட்டி. பெரியவர் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று பார்த்தவுடனே புரிந்தது. அவள் பெட்டியை ஓரமாக வைத்து டேப்பைக் கிழித்தாள். மூடியைத் தூக்கினாள். முகத்தைச் சுளித்தாள். உடனே மூடிவிட்டாள்.

“நாத்தம் தாங்கலை ஜெயா.”

“போன வருஷமும் இதேதான் மன்னி.”

“நான் சொன்னா அவர் கேக்க மாட்டார். பெரிய கடையில பொறுக்கி எடுத்தேன்னுவார்.” என் பக்கத்திலிருந்த புடலங்காயை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து உடைத்தாள். பட்டென்று உடைந்தது. அவள் சிரித்துவிட்டாள். “கத்தியைக் கொடு.”

கூட்டுக்கு நறுக்கினாள், எள்ளுருண்டை பிடித்தாள். நான் பாகற்காயை மிளகு போட்டு வதக்கினேன், பிரண்டைத் துவையல் அரைத்தேன். கடைசியில் ஒரு வாணலியில் பட்டோலையும் வதக்கினேன். ஒளிக்கிற எண்ணமிருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன். பட்டோல் எந்த ஊர்ப் பெட்டியிலும் வராது.

பத்தரைக்கு வாத்தியார் வந்தார், கூடவே சாப்பிட உட்காரும் இரண்டு பேரும். ஹோமத்துக்கு உட்காருமுன் பெரியவர் வாத்தியாரிடம் வழக்கை வைத்தார். நான் சமையலறை வாசற்படிக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மீன் குளத்துத் தண்ணியில விளைஞ்ச காய். சேருமா சேராதா, நீங்க சொல்லுங்கோ.”

வாத்தியார் பஞ்சாயத்துக்கு வந்தவரில்லை. டாலிகஞ்சில் இன்னொரு வீடு அவருக்குக் காத்திருந்தது. “எங்காத்துலயும் பிளாட்பாரத்துல வாங்கறதுதான். எந்தக் குளம்னு நான் விசாரிச்சதில்லை” என்றார். “கர்த்தா நீங்க. உங்க மனசு ஒப்பணும். அதான் முக்கியம்.”

“என் மனசை விடுங்கோ.” பெரியவர் என் பக்கம் திரும்பினார். “அப்பா மனசு? அம்மா போனப்புறம் தினமும் ஊர்க்காய்தான்னு விரதம் மாதிரி இருந்தாரே, அவர் இருந்திருந்தா இதைத் தொட்டிருப்பாரா? நீயே சொல்லு.”

என் கணவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். நான் வாசற்படியைத் தாண்டி வரவில்லை. அங்கிருந்தே சொன்னேன்.

“தொட்டார் அண்ணா. ரெண்டு வருஷம் இதைத்தான் சாப்பிட்டார். அதே மினதி, அதே குளம். ஊர்க்காய்னு நான் பொய் சொல்லிப் போட்டேன். அப்பதான் அவர் வயித்து வலி நின்னுது. நான் பண்ணினது தப்புன்னா தப்புதான். ஆனா இன்னிக்குப் பொய் சொல்ல மாட்டேன். நீங்க ஹாலுக்கு எடுத்துண்டு போறதுன்னா போங்கோ. உள்ளே இருக்கறது பாருய்பூர்க் காய்.”

  பெரியவரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவர் எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன்.  ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்ப எடுத்துக்கொள்ள நினைக்கவில்லை.

“காலம் போயிண்டிருக்கு” என்றார் வாத்தியார். “பவித்திரம் போட்டுக்கோங்கோ.”

பெரியவர் போட்டுக்கொண்டார். ஹோமம் நடந்தது. இலை போட்டோம். சமைத்ததையெல்லாம் அவர் கையாலேயே தொட்டுப் படைத்தார். பட்டோல் வரும்போது அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு தொட்டது. பிராமணர்கள் சாப்பிட்டார்கள். போன வருஷம் கூட்டை ஒதுக்கினவர் இந்தத் தடவை கூட்டை இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டார். திருப்தியா என்று மந்திரத்தில் கேட்க வேண்டிய இடத்தில் பெரியவர் கேட்டார். திருப்தி என்றார்கள். அது எல்லா வருஷமும் சொல்கிற பதில்தான். அதை வைத்து நான் ஜெயித்துவிட்டதாக நினைக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு எங்கள் பந்தி. பித்ருவுக்குப் படைத்ததில் மிச்சத்தைக் கர்த்தா சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடாவிட்டால் அப்பாவுக்குச் செய்கிற குற்றம். அந்த விதியிலிருந்து பெரியவர் தப்ப முடியாது. இலையில் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். அவர் குனிந்த தலை நிமிராமல் ரசம் சாதம் வரைக்கும் வந்துவிட்டார். காயெல்லாம் இலை ஓரத்தில் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் பிடிவாதம் அவருக்கு. என் பிடிவாதம் எனக்கு. நான் நகராமல் நின்றேன்.

“ரெண்டு வருஷமும் அப்பா நன்னா சாப்பிட்டாரா?” என்று கேட்டார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த பிள்ளையின் கேள்வி அது. 

“மறுசாதம் கேட்டுச் சாப்பிட்டார் அண்ணா. பாகற்காய்னா ரெண்டு தரம். பட்டோலைக் கோவைக்காய்னு சொல்லிப் போட்டேன், அதையும் சாப்பிட்டார்.”

“கோவைக்காய்னா?”

“திருச்சிப் பக்கத்துப் பெரிய ஜாதின்னு சொன்னேன். நம்பிட்டார்.”

பெரியவர் நிமிர்ந்தார். என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறாரா அழப்போகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“ஜெயா, அப்பாவுக்கா பட்டோல் தெரியாது? நான் ஸ்கூல் படிக்கறச்சே சனிக்கிழமை அவர் ஆபீசுக்குக் கூட்டிண்டு போவார். அம்மாவுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிண்டு கேன்டீன்ல பட்டோல் பொரியல் வாங்கித் தருவார். ரெண்டு பேரும் திம்போம். ஆத்துக்கு வரதுக்கு முன்னாடி வாயைக் கொப்புளிச்சுண்டு வருவோம்.”

ஷியாமளா கையை இலையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். என் கணவர் “எனக்குத் தெரியாதே” என்றார், யாரோ அவரை விட்டுவிட்டுச் சாப்பிட்டுவிட்ட மாதிரி.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்படியானால் முதல் நாளே தெரிந்திருக்கிறது அவருக்கு. பட்டோல் தெரிந்தவருக்கு மற்றதும் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே சாப்பிட்டிருக்கிறார். பெண்டாட்டி சொல்லும் போகாமல், மருமகள் கைக் காயும் போகாமல், தெரியாதவர் மாதிரி இரண்டு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஏமாந்தவர் அவரில்லை. நான்தான்.

பெரியவர் ஓரத்திலிருந்த பட்டோலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார்.

“பெட்டியை என்ன பண்ணினே?”

“குப்பை வண்டிக்காரன் வந்ததும் கொடுத்துடப் போறேன். அடுத்த வருஷம் கொண்டு வராதீங்கோ அண்ணா.”

கொண்டு வர வேண்டாமே என்று கெஞ்சிக் கேட்கவில்லை. கொண்டு வராதீங்கோ என்றுதான் சொன்னேன். அவரும் அதைக் கவனித்தார்.

“கேன்டீன்காரன் இதுல கொஞ்சம் எண்ணெய் ஜாஸ்தி விடுவான்” என்றார். “இன்னும் ரெண்டு போடு.”

போட்டேன்.